கூர் நிக்க மாட்டேங்குது!

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல லைட்டா மெட்டலர்ஜி வரும். பயந்து ஓடிடாதீங்க மக்களே, பரீட்சை எல்லாம் கிடையாது :-)

தஞ்சாவூர் வீணையைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் பலா மரத்தைப் பத்தி எழுதுவாங்க. குடம், தண்டி, யாளி முகம், 24 மெட்டு, 7 தந்தின்னு வரிசையா வரும். பதினேழாம் நூற்றாண்டுல ரகுநாத நாயக்கர் காலத்துல இந்த வடிவம் வந்ததா சொல்றதும், 2013ல புவிசார் குறியீடு கிடைச்சதும் கண்டிப்பா இருக்கும். எல்லாம் சரிதான். ஆனா அந்த மரத்தைக் குடைஞ்ச உளியைப் பத்தி யாராவது ஒரு வரி எழுதி நான் படிச்சதில்ல. அதனால இன்னைக்கு உளி புராணம்.

எங்க பெரியப்பா வீணை வேலை செய்யறவர். நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரே மரத்துல குடைஞ்சு எடுக்கற ஏகாண்ட வீணையும் பண்ணுவார், தனித்தனியாச் செஞ்சு சேர்க்கற ஒட்டு வீணையும் பண்ணுவார். போன ரெண்டு வருஷமா போன்ல பேசும்போதெல்லாம் ஒரே புலம்பல். "கூர் நிக்க மாட்டேங்குது தம்பி. தீட்டுறதுக்கே பாதிப் பொழுது போயிடுது. யாளி மூஞ்சியில கண்ணைத் திறக்கையில உளி மழுங்கிச்சுன்னா மரம் பிஞ்சுக்கிட்டு வரும். இனிமே குடம் மட்டும் குடைஞ்சு குடுத்துட்டு, நகாசு வேலைய வுட்டுடலாம்னு இருக்கேன்."

இதைச் சாதாரணப் புலம்பலா எடுத்துக்க முடியல. நகாசு வேலைதான் அவருக்குப் பேரும் காசும். அதை விட்டா மிச்சம் கூலி வேலை.

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு சாப்ட்வேர்ல குப்பை கொட்டற கோடிக்கணக்கான ஜீவன்கள்ல ஒருத்தன். இரும்பு-கார்பன் வரைபடத்தை ரெண்டாவது வருஷம் மனப்பாடம் பண்ணி, பேப்பர்ல வரைஞ்சு கொட்டினதோட சரி. அது வாழ்க்கையில ஒரு நாள் உபயோகப்படும்னு சத்தியமா நினைக்கல. இந்தத் தைப் பொங்கலுக்குப் போனப்ப ஒரு அரம், ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கிட்டுப் போனேன். ("பெரியப்பனைப் பாக்க வரியா, ஆபரேஷன் பண்ண வரியா?"ன்னு அக்கா கேட்டா.)

முதல்ல ஒரு விஷயம். "கூர் நிக்கல"ங்கறது ஒரு வியாதி இல்ல, மூணு வியாதி. காய்ச்சல்னு சொல்ற மாதிரி. மலேரியாவா டைபாய்டான்னு பார்க்காம மாத்திரை குடுக்கக் கூடாது.

ஒண்ணு, நுனி மடங்குறது. எஃகு மெத்துனு இருந்தா, மரத்துல இடிச்ச உடனே நுனி ஒரு பக்கமா சாஞ்சுக்கும். நகத்தை வெச்சு உளியோட தட்டைப் பக்கத்துல நுனியை நோக்கித் தள்ளினா, ஓரத்துல சின்னதா மாட்டும்.

ரெண்டு, சில்லு பேர்றது. எஃகு ரொம்பக் கடினமா, ஆனா கண்ணாடி மாதிரி இருந்தா நுனியில பொடிப்பொடியா உடையும். பூதக்கண்ணாடியில பார்த்தா ரம்பப் பல் மாதிரி தெரியும்.

மூணு, தேயறது. எஃகு நல்லாவே இருக்கும், ஆனா வெட்டுற பொருள் அரிச்சுடும். தேக்கு இதுக்குப் பேர் போனது. தேக்கு மரத்துக்குள்ளயே சிலிக்கா இருக்கு, அதாவது மணலோட சொந்தக்காரன். நல்ல உளியும் தேக்குல சீக்கிரம் கிழடாயிடும்.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச ஒரு உதாரணம் இருக்கு. அறுப்பு அறுக்கற கருக்கரிவாள் ஏன் அத்தனை சீக்கிரம் மழுங்குது? நெல் செடி மண்ணுல இருந்து சிலிக்காவை உறிஞ்சித் தாள்ல சேர்த்து வெச்சுக்கும். காஞ்ச வைக்கோல்ல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு சிலிக்கா. உமியில இன்னும் ஜாஸ்தி, அஞ்சுல ஒரு பங்கு. ஓப்பல்னு மோதிரத்துல வெச்சுக்கறாங்களே, அந்த மாதிரிப் பொருள். ஒரு மா நிலம் அறுக்கறதுன்னா, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தாள்ல அரிவாளைத் தேய்க்கற மாதிரி. அதான் ஒவ்வொரு அறுவடைக்கும் முன்னாடி அரிவாளைக் கொல்லுப் பட்டறைக்குக் கொண்டு போய்க் கருக்கு வெட்டிக்கிட்டு வரணும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

பலா மரம் தேக்கு மாதிரி படுத்தாது. பதமா வெட்டுப்படும். பால் பிசின் உளியில ஒட்டிக்கும், அப்பப்பத் துடைச்சுக்கிட்டா போதும். ஆக பெரியப்பாவோட எதிரி மரம் இல்ல.

சரி, ஆபரேஷன். பெரியப்பாவோட பெட்டியில இருந்து மூணு உளி எடுத்தேன்.

முதல் உளி, பழசு. ஊர்ல இருந்த கொல்லர் அடிச்சுக் குடுத்தது. லாரியோட பட்டை ஸ்பிரிங்ல பண்ணினது. அரத்தை வெச்சு நுனியில லேசா இழுத்தேன், வழுக்கிக்கிட்டுப் போச்சு. அரம் நல்ல கடினமான எஃகு. அது கடிச்சா உளி மெத்து, வழுக்கினா உளி கெட்டி. லேபுக்குப் போகாமயே இந்த அளவுக்குத் தெரிஞ்சுக்கலாம். இதுல பிரச்சினையே இல்ல, தேஞ்சு தேஞ்சு ரெண்டு அங்குலம்தான் மிச்சம். அதான் பிரச்சினை.

ரெண்டாவது, கடையில வாங்கின பளபளா உளி. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா குத்தம் கம்பெனி மேல இல்லன்னு கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுச்சு. அரம் நுனியில நல்லா கடிச்சுது. ஒரு அங்குலம் மேல தள்ளி இழுத்தா வழுக்குச்சு! ஒரே உளியில நுனி மட்டும் மெத்து. வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தா, நுனி ஓரமா மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம்.

"இதை எங்க சாணை பிடிச்சீங்க பெரியப்பா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் மிஷின்ல. தீப்பொறி பறக்கத் தீட்டிக் குடுப்பான். பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும்."

அந்தத் தீப்பொறிதான் வில்லன். ஏன்னு சொல்றேன், இங்கதான் மெட்டலர்ஜி.

எஃகுங்கறது இரும்பும் கொஞ்சூண்டு கார்பனும். பட்டை ஸ்பிரிங்ல நூத்துக்கு 0.5ல இருந்து 0.6 பங்கு வரைக்கும் கார்பன் இருக்கும். அரத்துல ஒண்ணுக்கு மேல. வீடு கட்டுற முறுக்குக் கம்பியில கால் பங்கு பக்கம்தான், அதனால அதுல எவ்வளவு அழகா உளி அடிச்சாலும் கூர் நிக்காது. எஃகைச் செக்கச் செவேல்னு காய்ச்சினா உள்ள அணுக்களோட அடுக்கு மாறும், கார்பன் எல்லாம் இரும்புக்குள்ள கரைஞ்சுக்கும். அப்படியே சடார்னு எண்ணெயிலயோ தண்ணியிலயோ முக்கினா, கார்பனுக்கு வெளிய வர நேரம் கிடைக்காது, உள்ளயே மாட்டிக்கும். அப்படி மாட்டிக்கிட்ட இறுக்கம்தான் கடினம். நம்ம கொல்லர்கள் இதைத் துவைச்சல்னு சொல்வாங்க.

எவ்வளவு காய்ச்சணும்? 770 டிகிரி கிட்ட இரும்பு காந்தத்துல ஒட்டறதை நிறுத்திடும். அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் காய்ச்சணும். காந்தம் இல்லாத காலத்துல கொல்லர் கண்ணுதான் வெப்பமானி. அதனாலதான் பட்டறை எப்பவும் இருட்டா இருக்கும். வெயில்ல வெச்சா சிவப்போட பதம் தெரியாது.

முக்கின உடனே எஃகு கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ போட்டாக்கூட உடையலாம். அதனால மறுபடி லேசாச் சூடு காட்டணும். பளபளன்னு தேச்சு வெச்சுட்டுச் சூடு ஏத்தினா மேல நிறம் ஓடும். 220, 230 டிகிரியில வைக்கோல் நிறம். 250 பக்கம் பழுப்பு. 280 பக்கம் ஊதா. 300ஐத் தொட்டா நீலம். நிறம் மாற மாற எஃகு மெத்தாகிக்கிட்டே வரும், ஆனா உடையாத தன்மை கூடும். மரவேலை உளிக்கு வைக்கோல் நிறம் போதும். நீலம் வரைக்கும் போனா ஸ்பிரிங்குக்கு ஆகும், உளிக்கு ஆகாது.

இப்ப பஸ் ஸ்டாண்டு மிஷினுக்கு வாங்க. நுனி ரொம்ப மெல்லிசு, சூடு ஓடிப் போக இடமில்ல. வேகமாச் சுத்தற கல்லுல அழுத்திப் பிடிச்சா, சில விநாடியில நுனி மட்டும் 300 டிகிரியைத் தாண்டிடும். அந்த நீலம் அதோட கையெழுத்து. அந்த நிமிஷமே கொல்லரோ கம்பெனியோ குடுத்த பதம் போயாச்சு. அப்புறம் அது வெறும் மெத்து இரும்பு. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் மறுபடி மிஷினுக்குப் போகும், மறுபடி நீலம். விஷச் சுழல்.

வைத்தியம் சுலபம், ஆனா கை வலிக்கும். நீலம் ஓடின பகுதி முழுக்கப் போற வரைக்கும், மூணு மில்லிமீட்டர் இருக்கும், தண்ணி ஊத்தி ஊத்திக் கல்லுல கையாலயே தேய்ச்சேன். ஒரு முழுக் காலைப் பொழுது. உள்ள இருந்த எஃகு அருமையான எஃகு! அதுலயே கோணத்தையும் கொஞ்சம் மாத்தினேன். கையால செதுக்கற வேலைக்கு 25 டிகிரி சரி. கொட்டாப்புளியால அடிச்சு வெட்டற உளிக்கு, கடைசி நுனியில மட்டும் 30 டிகிரிக்கு ஒரு சின்ன சரிவு குடுத்தா நுனிக்குப் பின்னாடி சதை இருக்கும், மடங்காது.

மூணாவது உளி, பக்கத்து வெல்டிங் பட்டறைப் பையன் ஆசையாப் பண்ணிக் குடுத்தது. அதுவும் பட்டை ஸ்பிரிங்தான். அரம் வழுக்குச்சு, கெட்டிதான். ஆனா பூதக்கண்ணாடியில பார்த்தா ரம்பம். பையன் நல்லாக் காய்ச்சியிருக்கான், நல்லா முக்கியிருக்கான், அதோட விட்டுட்டான். ரெண்டாவது சூடு காட்டவே இல்ல. பாதி வைத்தியம். இதுக்கு அக்கா கேக் பண்ணற மின்சார அடுப்பைக் கேட்டேன். வீட்டுல ஒரு குருக்ஷேத்திரமே நடந்து முடிஞ்சு, 200 டிகிரியில ஒரு மணி நேரம், ஆற விட்டு இன்னொரு மணி நேரம். வெளிய எடுத்தா லேசா வைக்கோல் நிறம். (அதுக்கப்புறம் அந்த அடுப்புல வந்த கேக்குல எண்ணெய் வாசனைன்னு அக்கா இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. அவதூறு.)

ரெண்டு உளியையும் பெரியப்பா வாங்கி, ஒண்ணும் பேசாம ஒரு பலாத் துண்டை எடுத்துக் குறுக்கால சீவினார். சுருள் சுருளா வந்துச்சு. வெட்டின இடம் மெழுகு பூசின மாதிரி மின்னுச்சு. சாயங்காலம் வரைக்கும் தீட்டாம வேலை பார்த்தார். ராத்திரி சாப்பிடறப்ப, "இன்ஜினியருக்குப் படிக்க வெச்சது வீண் போகல"ன்னு என் அப்பாகிட்ட சொன்னார். என்னோட அப்ரைசல்ல கூட இப்படி ஒரு கமெண்ட் வந்ததில்ல.

கதை இங்க முடிஞ்சிருந்தா சுபம் போட்டிருப்பேன். முடியல.

மறுநாள் பெரியப்பா ஒரு சாக்குப் பையைப் பிரிச்சார். உள்ள நகவுளிங்க. நகம் மாதிரி வளைஞ்ச வாய். சிலது கழுத்தே வளைஞ்சது. குடத்தோட உட்பக்கத்தைக் குடையறதுக்கு நேரான உளி உபயோகப்படாது, பானைக்குள்ள ஸ்கேல் வெச்சு அளக்கற மாதிரி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு உளி. அதுவும் அவர் கைநீளம், அவர் உக்கார்ற தோது பார்த்து அடிச்சது. எல்லாம் அந்தப் பழைய கொல்லர் கைவேலை. எல்லாம் அடி வரைக்கும் தேஞ்சாச்சு. இது எந்தக் கடையிலயும் கிடைக்காது. நான் கல்லுல தேய்ச்சும் சரி பண்ண முடியாது, ஏன்னா உள்ள எஃகே மிச்சமில்ல.

"அவர்கிட்டயே புதுசா அடிக்கச் சொல்லலாமே?"

"பட்டறையை மூடி எட்டு வருஷம் ஆவுது. அறுக்கற மிஷின் வந்துச்சுல்ல."

எனக்கு முதல்ல புரியல. அறுவடை மிஷினுக்கும் வீணைக்கும் என்ன சம்பந்தம்? பெரியப்பா விளக்கினார். கொல்லருக்கு உளி சோறு போடல. ஊருக்கு வீணை வேலை பண்றவர் எத்தனை பேர்? வருஷத்துக்குப் பத்து உளி அடிச்சா பெரிசு. அவருக்குச் சோறு போட்டது அரிவாளும், ஏர்க் கொழுவும், மம்பட்டியும். குறுவைக்கு ஒரு தடவை, சம்பா, தாளடிக்கு ஒரு தடவைன்னு ஊரே வரிசையில நிக்கும். கூலியைக் களத்துல நெல்லா அளந்து போட்ட காலமும் உண்டு. முதல்ல டிராக்டர் வந்து கொழு போச்சு. அப்புறம் அறுவடை மிஷின் வந்து அரிவாள் போச்சு. உலையை மூட்டறதுக்கான காரணமே போச்சு. நெல்லுத் தாள்ல இருக்கற சிலிக்கா மழுக்கின ஆயிரம் அரிவாள்தான் அந்த உலையை அணையாம வெச்சிருந்துது. அந்த நெருப்புல ஓசியிலக் குளிர் காஞ்சுது நம்ம வீணை உளி.

இதுக்கு யாரைத் திட்டறது? அறுவடைக்கு ஆள் கிடைக்காம, மழைக்கு முன்னாடி நெல்லை வீடு சேர்க்கணும்னு தவிக்கிற விவசாயியையா? முதுகு ஒடியக் குனிஞ்சு அறுத்த பொம்பளைங்க "ஐயோ அந்த வேலை போச்சே"ன்னு அழறாங்களா? இல்ல. யாரும் தப்புப் பண்ணல. ஆனா ஒரு கம்பியை இங்க உருவினா அங்க ஒரு ஓடு விழுதுங்கறது, நம்ம புரோகிராமர்களுக்கு நல்லாவே தெரிஞ்ச சமாச்சாரம். யாரும் உபயோகிக்கலன்னு ஒரு பழைய மாட்யூலைத் தூக்குவோம். மூணு மாசம் கழிச்சு, சம்பந்தமே இல்லாத இடத்துல ஒண்ணு படுத்துக்கும்.

பெருமையா ஒண்ணு சொல்லிப்போம். ஈரோடு மாவட்டம் கொடுமணல்ல, நம்ம தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980கள்ல அகழாய்வு பண்ணினப்ப, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின இரும்பு, எஃகு வேலைக்கான உலைகள் கிடைச்சுது. தென்னிந்திய உருக்குதான் ஊட்ஸ்னு உலகம் சுத்துச்சு. மைக்கேல் ஃபாரடே, ஆமா, அந்த மின்சார ஃபாரடேதான், 1820 வாக்குல ஸ்டோடார்ட்டுங்கற கத்தி செய்யறவரோட சேர்ந்து, அதுல என்னதான் இருக்குன்னு மண்டையை உடைச்சுக்கிட்டார். அப்பேர்ப்பட்ட ஊர்ல இப்ப ஒரு நகவுளி அடிக்க ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். வேற என்ன சொல்ல.

தேடினோம். ரெண்டு நாள் பைக்ல சுத்தி, கும்பகோணம் போற வழியில ஒரு கிராமத்துல ஒரு பட்டறையைப் பிடிச்சோம். எழுபது வயசுக்காரர். துருத்திக்குப் பதிலா மின்சார ஊதுவான், மத்தபடி எல்லாம் பழசு. நான் காந்தம், டிகிரின்னு ஆரம்பிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அதெல்லாம் சரி தம்பி, உளி எந்த மரத்துக்கு?"ன்னார். பலான்னதும், பதத்தை எந்த நிறத்துல நிறுத்தணும்னு பெரியப்பாகிட்ட பேச ஆரம்பிச்சுட்டார். நான் சொன்ன 230 டிகிரிக்கு அவர் சொன்ன பேரு, "வைக்கோல் பழுக்கற நேரம்". அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல.

ஆறு நகவுளி சொல்லிட்டு வந்திருக்கோம். நாலு வந்தாச்சு. முதல் தடவை தீட்டினப்ப கூர் சுமாராத்தான் நின்னுச்சாம். "புது உளி அப்படித்தான், ரெண்டு மூணு தடவை தீட்டணும்"னு பெரியப்பா கவலைப்படல. அவர் சொல்றது சரி. உலையில காயறப்ப மேல்தோல்ல இருக்கற கார்பன் கொஞ்சம் எரிஞ்சு போயிடும். அந்தத் தோல் தேஞ்சாத்தான் உள்ள இருக்கற நல்ல எஃகு வெளிய வரும். நீங்க புதுசா உளியோ, கொல்லர் அடிச்ச அரிவாள்மனையோ வாங்கினா, முதல் வாரத்துலயே திட்டாதீங்க.

நகாசு வேலையை விடறதைப் பத்தி இப்ப பேச்சில்ல. ஒரு ஏகாண்ட வீணை ஆரம்பிச்சிருக்கார். ஆனா வேலை கத்துக்க இப்போதைக்கு யாரும் வரல. பட்டறைத் தாத்தாவோட பையன் திருப்பூர்ல இருக்கான்.

மரவேலை பண்ற, பண்ண ஆசைப்படற மக்களுக்கு, இந்தக் கதையில இருந்து உருவின நாலு சமாச்சாரம்:

1. கூர் நிக்கலன்னா முதல்ல பூதக்கண்ணாடியில பாருங்க. மடங்கியிருக்கா, உடைஞ்சிருக்கா, தேஞ்சிருக்கா. அப்புறம்தான் வைத்தியம்.

2. வேகமாச் சுத்தற சாணை மிஷின்ல குடுக்கறதா இருந்தா, பக்கத்துலயே நின்னு, நொடிக்கு நொடி தண்ணியில முக்கச் சொல்லுங்க. நுனியை விரலால தொட முடியலன்னா ரொம்பச் சூடு. நீலம் வந்தா எல்லாம் போச்சு.

3. மடங்கற உளிக்குக் கோணத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. புது உளி வாங்கற செலவு மிச்சமாகலாம்.

4. மழுங்கினப்புறம் தீட்டாதீங்க, மழுங்கறதுக்கு முன்னாடி தீட்டுங்க. தோல் பட்டையில நாலு இழுப்பு இழுத்தாலே போதும். பெரியப்பா பழைய பெல்ட்டைப் பலகையில ஆணி அடிச்சு வெச்சிருக்கார்.

அப்புறம் உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். டெல்டாவுல, இல்ல வேற எங்கயாவது, இன்னும் உலை மூட்டற கொல்லுப் பட்டறை உங்க ஊர்ப் பக்கம் இருந்தா, எந்த ஊர்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆள் பேரெல்லாம் வேண்டாம், ஊர் பேர் போதும். எங்க பெரியப்பா மாதிரி பைக்ல சுத்திக்கிட்டு இருக்கறவங்க இன்னும் நாலு பேர் இருப்பாங்க. முடிஞ்சா ஒரு அரிவாள்மனையாவது அங்க அடிச்சு வாங்குங்க. உலை எரிஞ்சாத்தான் உளி வரும்.

பி.கு.: அந்த ரெண்டு அங்குல பழைய உளியை எனக்குக் குடுன்னு கேட்டேன். "இன்னும் ஒரு வருஷம் வரும்டா"ன்னு பிடுங்கி உள்ள வெச்சுட்டார் :-(